மூன்று மருத்துவர்கள் பார்த்தும் ஏன் பிடிபடவில்லை? நோயறிதல் நடக்கும் விதமும் தவறும் விதமும்

"ஆரம்பத்திலேயே கண்டுபிடித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்" என்ற வரி இல்லாத மருத்துவமனைச் செய்தி அரிது. உறவினர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது. மூன்று பேர் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். பிறகு எப்படித் தவறவிட்டார்கள்? இதற்குப் பொதுவாக இரண்டு பதில்கள்தாம் கிடைக்கின்றன. மருத்துவர் அலட்சியமாக இருந்துவிட்டார் என்பது ஒன்று. அவரால் முடிந்ததைச் செய்தார், நம் நேரம் சரியில்லை என்பது மற்றொன்று. பெரும்பாலான தவறுகளை இந்த இரண்டாலும் விளக்க முடியாது.

கவனமும் படிப்பும் நல்லெண்ணமும் உள்ள ஒரு மருத்துவர் எப்படித் தவறான முடிவுக்கு வருகிறார் என்று சுமார் ஐம்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆய்வுகளிலிருந்து தெரியவருவது இதுதான்: அந்த நோயைப் பற்றித் தெரியாததால் வரும் தவறுகள் குறைவு. பொருந்துகிற ஒரு பதில் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுவதால் வரும் தவறுகளே அதிகம். தவறிவிட்டோம் என்ற செய்தி அந்த மருத்துவருக்குப் பெரும்பாலும் போய்ச் சேர்வதே இல்லை என்பது அதைவிடப் பெரிய சிக்கல்.

நோயாளி கொண்டுவருவது என்ன?

நோயாளி ஒரு தொல்லையோடு வருகிறார்: காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சில் ஓர் அடைப்பு. அதிலிருந்து அதன் காரணத்துக்குப் போகும் வழிதான் நோயறிதல். அந்த வழியில் மருத்துவருக்குக் கிடைக்கும் தகவல்கள் மூன்று வகை.

1. நோயாளி சொல்வது: எப்போது தொடங்கியது, எப்படி வளர்ந்தது, எதனால் கூடுகிறது, எங்கே போய் வந்தார், என்ன வேலை செய்கிறார்.
2. மருத்துவர் உடலில் காண்பது: நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், தோல், நாக்கு, வயிறு, நுரையீரல் ஒலி.
3. பரிசோதனைகள்: ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே, இ.சி.ஜி., ஸ்கேன்.

மூன்றாவதில்தான் உண்மை இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். 1975இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு 80 புதிய புறநோயாளிகளை எடுத்துக்கொண்டது. அவர்களில் 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதத்தைப் படித்து அவர்கள் சொன்னதைக் கேட்டு முடித்தபோதே மருத்துவர்கள் இறுதி முடிவை எட்டியிருந்தார்கள். உடலைப் பரிசோதித்த பின் முடிவு மாறியது 7 பேருக்கு. ஆய்வகச் சோதனையால் மாறியது இன்னொரு 7 பேருக்கு. சி.டி. ஸ்கேன் பரவுவதற்கு முந்தைய காலம் அது என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனாலும் தலைக்கு ஸ்கேன் எடுப்பதா வயிற்றுக்கு எடுப்பதா என்பதை இன்றும் நோயாளியின் பேச்சுதான் தீர்மானிக்கிறது.

அந்தப் பேச்சுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது? 1984இல் அமெரிக்காவில் 74 சந்திப்புகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தபோது, நோயாளி பேசத் தொடங்கிய சராசரி 18ஆவது விநாடியில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுவது தெரிந்தது. 2017இல் 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்தபோது, ஒரு சந்திப்பின் சராசரி நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். வங்கதேசத்தில் 48 விநாடி. இந்தியாவில் சுமார் 2 நிமிடம். ஓ.பி. சீட்டு கையில் வைத்து வரிசையில் நின்ற எவருக்கும் கடைசி எண் ஆச்சரியம் தராது.

முதல் சில நிமிடங்களில் உருவாகும் பட்டியல்

மருத்துவர் எல்லாத் தகவல்களையும் திரட்டிவிட்டுப் பிறகு யோசிக்கிறார் என்று பாடப்புத்தக வரிசை சொல்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஆர்தர் எல்ஸ்டைனும் அவருடைய கூட்டாளிகளும், நோயாளிகளாக நடித்தவர்களை அனுப்பி, மருத்துவர்கள் யோசிப்பதைக் கூர்ந்து கவனித்தார்கள். 1978இல் வெளியான அவர்களுடைய முடிவு அந்த வரிசையைக் கவிழ்த்துவிட்டது. முதல் சில நிமிடங்களிலேயே மருத்துவர் மனத்தில் நான்கைந்து ஊகங்கள் எழுந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு கேட்கும் கேள்விகள் எல்லாம் அந்த ஊகங்களைச் சோதிக்கத்தான். அனுபவசாலியும் மாணவரும் இதே முறையில்தான் யோசிக்கிறார்கள். யாருடைய பட்டியல் நல்ல பட்டியல் என்பதில்தான் வேறுபாடு. சரியான நோய் முதல் பட்டியலில் இடம்பெறவில்லை என்றால், அது பிறகு உள்ளே வருவது கடினம்.

ஒரு கற்பனை நோயாளியை வைத்து இதைப் பார்ப்போம். வேலூர் பக்கத்துக் கிராமம், 45 வயது, வயலில் கூலி வேலை செய்யும் பெண். கார்த்திகை மாதம். ஐந்து நாளாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடல்வலி. ரத்தத்தில் பிளேட்லெட் 80,000. ஊரெங்கும் டெங்குப் பேச்சு. இந்த வரிகளைப் படித்தபோதே உங்கள் மனத்திலும் ஒரு பெயர் எழுந்திருக்கும். மருத்துவர் மனத்தில் கூடவே வேறு சிலவும் எழ வேண்டும்: உண்ணிக் காய்ச்சல் என்று நாளிதழ்கள் எழுதும் ஸ்க்ரப் டைஃபஸ், எலிக் காய்ச்சல், மலேரியா, டைஃபாய்டு. இவை எல்லாமே இதே தலைவலியோடும் உடல்வலியோடும் வரக்கூடியவை. பிளேட்லெட் குறைவது டெங்குவுக்கு மட்டும் உரியது அன்று.

உளவியலாளர் டேனியல் கானமன் பிரபலமாக்கிய ஒரு பாகுபாடு இங்கே உதவும். மனம் இரண்டு வழிகளில் முடிவெடுக்கிறது. முன்பு பார்த்த வடிவத்தை நொடியில் அடையாளம் காண்பது விரைவு வழி. ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து விலக்குவது நிதான வழி. கனடாவின் அவசர சிகிச்சை மருத்துவர் பாட் க்ரோஸ்கெரி இதை நோயறிதலுக்குப் பொருத்தி நிறைய எழுதினார். அதற்குப் பிறகு விரைவு வழிதான் வில்லன் என்று ஆகிவிட்டது. இந்த இடத்தில் எச்சரிக்கை வேண்டும். கனடாவின் ஜெஃப்ரி நார்மன் குழு பயிற்சி மருத்துவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவை வேகமாக விடை சொல்லச் சொன்னார்கள். மற்றதை நிதானமாக, எதையும் விட்டுவிடாமல் யோசிக்கச் சொன்னார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, நிதானப் பிரிவினர் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்களே தவிர, சரியான விடைகள் கூடவில்லை. ஆகவே வேகத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எந்தக் கட்டத்தில் வேகத்தை நிறுத்த வேண்டும் என்று அறிவதில்தான் திறமை இருக்கிறது.

பரிசோதனை 'பாசிட்டிவ்' என்றால் நோய் உறுதியா?

1978இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைகளில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் ஒரு கணக்கு கொடுத்தார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் நோய். நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்கும் தவறாக 'பாசிட்டிவ்' காட்டும் சோதனை. ஒருவரைப் பற்றி வேறு எதுவுமே தெரியாது, சோதனை மட்டும் பாசிட்டிவ். அவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு?

அதிகம் பேர் சொன்ன விடை 95 சதவீதம். சரியான விடை சுமார் 2 சதவீதம். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். சதவீதத்தை விட்டுவிட்டு ஆட்களை எண்ணினால் கணக்கு எளிது:

1. 1,000 பேரைச் சோதித்தால் உண்மையில் நோய் உள்ளவர் 1. அவரைச் சோதனை தவறவிடாது என்று வைத்துக்கொள்வோம்.
2. மீதி 999 பேரில் 5 சதவீதம், அதாவது சுமார் 50 பேருக்குத் தவறான பாசிட்டிவ்.
3. ஆக மொத்தம் 51 பாசிட்டிவ். அதில் 1 மட்டும் உண்மை.

இப்போது அதே சோதனையை வேறோர் இடத்துக்குக் கொண்டுபோவோம். நோயாளிகளை நன்றாக விசாரித்து, சந்தேகம் வலுவாக உள்ளவர்களுக்கு மட்டும் சோதனை எழுதும் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவர் அனுப்பும் 1,000 பேரில் 200 பேருக்கு நோய் இருக்கிறது. அந்த 200 பேரும் பாசிட்டிவ். நோயில்லாத 800 பேரில் 40 பேருக்குத் தவறான பாசிட்டிவ். 240இல் 200, அதாவது 83 சதவீதம் உண்மை. கருவி மாறவில்லை, ரசாயனம் மாறவில்லை. சோதனைக்கு முன் நடந்த விசாரணைதான் 2ஐ 83 ஆக்கியது. 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜ் விளம்பரங்கள் சொல்லாமல் விடும் கணக்கு இது.

நம் ஊரில் இதற்கு அன்றாட உதாரணம், டைஃபாய்டைக் கண்டறிய எடுக்கும் வைடால் ரத்தச் சோதனை. 1896இல் வந்த முறை, இன்னும் தெருமுனை ஆய்வகம் வரை ஓடுகிறது. டைஃபாய்டு பரவலாக உள்ள பகுதியில் பழைய தொற்றாலும் தடுப்பூசியாலும் வேறு காய்ச்சல்களாலும்கூட வைடால் பாசிட்டிவ் ஆகும். ஒரே ஒரு வைடால் முடிவை வைத்து டைஃபாய்டு என்று சொல்வது நம்பத்தக்கது அன்று. அப்படியும் நம் வேலூர்ப் பெண்ணுக்கு வைடால் எடுத்து, அது பாசிட்டிவ் என்று வந்து, டைஃபாய்டுக்கு ஊசி தொடங்குவது நடக்கக்கூடியதே. எதிர்ப்பக்கமும் உண்டு. டெங்குக்கான என்.எஸ்.1 சோதனை காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பிடிக்கும். நாள் கடந்து எடுத்து 'நெகட்டிவ்' வந்தால் டெங்கு இல்லை என்று அர்த்தமாகாது.

இடமும் கணக்கை மாற்றும். உலகின் காசநோயாளிகளில் சுமார் நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். நீண்ட நாள் இருமலும் எக்ஸ்ரேயில் ஒரு நிழலும் கண்டால் இங்கே முதலில் காசநோயை நினைப்பது முற்றிலும் சரி. அதே சரியான பழக்கம்தான், நுரையீரல் புற்றுநோய் உள்ள சிலரைச் சளிப் பரிசோதனையில் உறுதியாகாமலேயே மாதக்கணக்கில் காசநோய் மாத்திரையில் உட்கார வைத்தும் விடுகிறது. இந்திய மருத்துவர்களே இதைத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

தவறு நுழையும் வழிகள்

இப்போது அந்தப் பெண்ணோடு சேர்ந்தே நடப்போம்.

1. முதல் எண்ணத்தில் ஊன்றிவிடுதல். பிளேட்லெட் 80,000 என்ற தாள் மேஜைக்கு வந்ததும் 'டெங்கு' என்ற சொல் விழுகிறது. அதன் பிறகு எல்லாத் தகவலும் அதன் சார்பாகவே படிக்கப்படுகிறது. கல்லீரல் நொதிகள் சற்றே உயர்ந்திருந்தால், டெங்குவில் அப்படி ஆகும். லேசான இருமலா, வைரஸ்தானே. வயலில் வேலை செய்பவர் என்ற தகவல் மட்டும் யாரையும் உறுத்துவதில்லை.

2. அண்மையில் பார்த்தது கண்ணை மறைத்தல். நெதர்லாந்தில் சில்வியா மமேடே குழு 2010இல் வெளியிட்ட சோதனை சுவையானது. பயிற்சி மருத்துவர்களுக்குச் சில நோய்களைக் காட்டிவிட்டு, பிறகு அவற்றைப் போலத் தோன்றும் வேறு நோய்களைக் கொடுத்தார்கள். முதலாண்டுப் பயிற்சியாளர்கள் ஏமாறவில்லை. இரண்டாம் ஆண்டினர் ஏமாந்தார்கள். கொஞ்சம் அனுபவம் சேரும்போது வடிவத்தை அடையாளம் காணும் பழக்கம் வளர்கிறது, அதோடு இந்தப் பொறியும் வருகிறது. டெங்கு வார்டில் ஒரு மாதம் வேலை பார்த்தவருக்கு ஒவ்வொரு காய்ச்சலும் டெங்குவாகத் தெரிவது இதனால்தான்.

3. பார்க்காத இடம். ஸ்க்ரப் டைஃபஸ், புதர்களிலும் வயல் வரப்புகளிலும் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்பருவம் கடிப்பதால் வருகிறது. கடித்த இடத்தில் பலருக்கு, எல்லோருக்கும் அன்று, விளிம்பு சிவந்து நடுவே கருத்துக் காய்ந்த சிறு புண் உண்டாகும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அது அக்குளில், தொடை இடுக்கில், மார்பகத்தின் கீழ், பாவாடை நாடா இறுகும் இடுப்பில் ஒளிந்திருக்கும். திரை இல்லாத அறையில், பின்னால் நாற்பது பேர் நிற்கையில், ஓர் ஆண் மருத்துவர் அந்தப் பெண்ணிடம் சேலையைத் தளர்த்தச் சொல்லமாட்டார், அவரும் தளர்த்தமாட்டார். அந்தக் காலணா அளவுப் புண்ணைப் பார்த்திருந்தால் எந்த ஆய்வகமும் தேவைப்பட்டிருக்காது. நான் படித்த வரையில், நோயறிதல் தவறு என்பது ஓர் அறையின் அமைப்பாலும் நேரலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

4. கண் பட்டும் காணாமல் போதல். 2013இல் அமெரிக்காவில் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்துப் புற்றுநோய்க் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். படத்துக்குள் ஒரு கொரில்லாவின் உருவத்தை நுழைத்திருந்தார்கள். சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் காணவில்லை. விழியசைவைப் பதிவுசெய்த கருவியோ, காணாதவர்களில் பெரும்பாலோரின் பார்வை அந்தக் கொரில்லாவின் மேலேயே நின்று சென்றதைக் காட்டியது. கண் தேடியது கட்டியை. கட்டி அல்லாததை மனம் பதிவுசெய்யவில்லை.

5. ஒட்டிக்கொள்ளும் பெயர். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் 'டெங்கு?' என்று கேள்விக்குறியோடு எழுதப்பட்டது, மாவட்ட மருத்துவமனைக்கு மாற்றும் சீட்டில் கேள்விக்குறி உதிர்ந்து 'டெங்கு' ஆகிறது. டியூட்டி டாக்டர் அதைப் பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார். காலை ரவுண்ட்ஸில் 'டெங்கு, ஆறாம் நாள்' என்று வாசிக்கப்படுகிறது. மூன்று மருத்துவர்கள் பார்த்தார்கள் என்கிறோமே, சிந்தித்தவர் ஒருவர்தான்; மற்ற இருவரும் அவரை வாசித்தார்கள்.

6. கிடைத்ததும் நிறுத்துதல். எல்லாவற்றிலும் பொதுவானது இதுதான். டெங்குவே உறுதியானாலும் கூடவே வேறொன்றும் இருக்கலாம். இரண்டு தொற்றுகள் சேர்ந்து வருவது பதிவாகியுள்ளது. எல்லா அறிகுறிகளையும் ஒரே நோயால் விளக்கு என்று மாணவர்களுக்குச் சொல்வார்கள். இளைஞர்களிடம் அது நன்றாக வேலை செய்யும். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் என்று வரும் எழுபது வயதுக்காரரிடம் அந்த விதியை நம்புவது ஆபத்து.

ஸ்க்ரப் டைஃபஸைப் பொறுத்தவரை இந்தத் தவறுக்கு விலை அதிகம். அதற்கு டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும்; சாதாரணக் காய்ச்சலுக்கு எழுதும் அமாக்ஸிசிலினோ, டைஃபாய்டுக்குப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியோ அந்தக் கிருமியைத் தொடாது. நாள் கடந்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று பரவும். சரியான மருந்து தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

நெஞ்சுவலியில் இதே கதை வேறு சொற்களில் நடக்கும். "வாயு மாதிரி இருக்கிறது டாக்டர்" என்று நோயாளியே நோயின் பெயரோடு வருகிறார். இதயத்தின் கீழ்ப்பகுதியில் மாரடைப்பு வந்தால் மேல்வயிற்று வலியும் வாந்தியுமாகத் தோன்றலாம். சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் போகலாம். முதல் இ.சி.ஜி. இயல்பாக இருக்கக்கூடும். இதயத் தசை சேதமானால் வெளிவரும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் உயரச் சில மணி நேரம் ஆகும். எனவேதான் சந்தேகம் இருந்தால் இ.சி.ஜி.யைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும் என்று நெறிமுறைகள் சொல்கின்றன. "இ.சி.ஜி. நார்மல், ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள்" என்று அனுப்பப்பட்டவர் அன்றிரவே இறந்த செய்தி எல்லா ஊரிலும் உண்டு. அந்த வாக்கியத்தில் இ.சி.ஜி. நார்மல் என்பது உண்மை. ஒன்றுமில்லை என்பது அதிலிருந்து வராத முடிவு.

டல்லாஸ், 2014: ஒரு சொல் சேராமல் போனது

அமெரிக்காவில் முதன்முதலாக எபோலா கண்டறியப்பட்ட நிகழ்வு மேற்சொன்ன எல்லாவற்றையும் ஒரே இரவில் காட்டியது. எபோலா என்ற கொடிய வைரஸ் நோய் அப்போது பரவியிருந்த, மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவிலிருந்து சில நாள் முன்பு வந்த ஒருவர், 2014 செப்டம்பர் 25 இரவு டல்லாஸ் நகர மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்குப் போனார். காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்று செவிலியர் பதிவுசெய்தார். அங்கே இருந்தபோதே காய்ச்சல் 103 டிகிரியைத் தொட்டது. தலைக்கு ஸ்கேனும் எடுத்தார்கள். சைனஸ் தொற்று என்று முடிவுசெய்து, ஆண்டிபயாடிக் எழுதி விடியுமுன் வீட்டுக்கு அனுப்பினார்கள். 28ஆம் தேதி ஆம்புலன்ஸில் திரும்பி வந்தார். 30ஆம் தேதி எபோலா உறுதியானது. அக்டோபர் 8 அன்று இறந்தார். அவரைக் கவனித்த இரண்டு செவிலியர்களுக்கும் தொற்றியது, இருவரும் பிழைத்தார்கள்.

மேலே பார்த்த கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். டல்லாஸில் காய்ச்சலும் தலைவலியுமாக வருபவருக்கு எபோலா இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பூஜ்யம். 'ஆப்பிரிக்கா' என்ற ஒரு சொல் அந்தப் பூஜ்யத்தை மாற்றிவிடுகிறது. அந்தச் சொல் கணினிப் பதிவில் இருந்தது. முடிவெடுத்தவரின் யோசனைக்குள் வரவில்லை. செவிலியர் பதிவு மருத்துவரின் திரையில் தோன்றாதபடி மென்பொருள் இருந்தது என்று மருத்துவமனை முதலில் அறிவித்தது. பிறகு, மருத்துவரும் பார்க்க முடிந்தது என்று திருத்திக்கொண்டது. எனக்கு அந்தத் திருத்தம்தான் முக்கியமாகப் படுகிறது. தகவல் கிடைக்கும் நிலையில் இருப்பதும், சரியான நேரத்தில் சரியான ஆளின் மனத்தில் இருப்பதும் வெவ்வேறு. செவிலியர் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஆளின் தவறா, அமைப்பின் தவறா?

அமெரிக்க மருத்துவர் மார்க் க்ரேபர் குழு, பொது மருத்துவத்தில் நடந்த 100 நோயறிதல் தவறுகளைப் பிரித்து ஆராய்ந்து 2005இல் வெளியிட்டது. யோசனையில் பிழை இருந்தவை 74. அமைப்பில் பிழை இருந்தவை 65. கூட்டினால் நூறைத் தாண்டுகிறது, ஏனெனில் 46 நிகழ்வுகளில் இரண்டும் சேர்ந்திருந்தன. ஒவ்வொரு தவறுக்கும் சராசரியாக ஆறு காரணங்கள். யோசனைப் பிழைகளில் முதலிடம், பொருந்துகிற விடை கிடைத்ததும் வேறு சாத்தியங்களை எண்ணாமல் விடுவதற்கு. மருத்துவ அறிவுக் குறைவு அரிதாகவே காரணமாக இருந்தது.

மருத்துவர்களுக்குத் தொடர் பயிற்சி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அறிக்கை விடுபவர்கள் இந்தக் கடைசி வரியைப் படிப்பதில்லை.

திரும்பி வராத விடை

நாளை மழை என்று சொன்ன வானிலை ஆய்வாளருக்கு மறுநாளே விடை தெரிந்துவிடும். தன் நம்பிக்கையை எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்று அவர் கற்றுக்கொள்கிறார். மருத்துவருக்கு அந்த வசதி இல்லை. நம் ஊரில் நோயாளிதான் தன் பதிவேட்டைச் சுமக்கிறார்: ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பையில் எக்ஸ்ரே, சீட்டு, ரிப்போர்ட் எல்லாம். முதல் மருத்துவரிடம் குணமாகவில்லை என்றால் பையோடு அடுத்தவரிடம் போகிறார். பிறகு சென்னைக்கோ வேலூருக்கோ மதுரைக்கோ. அங்கே கிடைக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியும் அதே பைக்குள் போகிறது. முதல் மருத்துவருக்கு அது போவதில்லை. திரும்ப வராதவரைக் குணமானவர் என்று அவர் மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த காய்ச்சலுக்கும் அதே முடிவு, இன்னும் கொஞ்சம் உறுதியோடு.

இதன் விளைவை 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு அளந்தது. 118 மருத்துவர்களுக்கு எளிதும் கடினமுமான நோயாளி விவரங்கள் தரப்பட்டன. எளியவற்றில் சுமார் 55 சதவீதம் சரி. கடினமானவற்றில் சுமார் 6 சதவீதம்தான் சரி. உங்கள் விடையில் எவ்வளவு நம்பிக்கை என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது, எளியவற்றுக்கு 7.2, கடினமானவற்றுக்கு 6.4. திறன் பத்தில் ஒரு பங்காகச் சரிந்திருக்க, நம்பிக்கை ஒரு புள்ளிகூடச் சரியவில்லை. நம்பிக்கை கூடிய இடங்களில் அவர்கள் மேலும் பரிசோதனை கேட்பதும் குறைந்தது.

விடை திரும்பி வர ஒரு பழைய வழி இருந்தது: இறந்த பின் உடலைத் திறந்து காரணத்தை உறுதிசெய்வது. பாஸ்டனின் பெரிய மருத்துவமனை ஒன்றில் 1960, 1970, 1980 ஆகிய மூன்று ஆண்டுகளின் பிரேதப் பரிசோதனைகளை ஒப்பிட்டு 1983இல் ஒரு கட்டுரை வந்தது. முன்பே தெரிந்திருந்தால் உயிர் நீண்டிருக்கக்கூடிய பெரிய தவறுகள் மூன்று ஆண்டுகளிலும் சுமார் 10 சதவீதம். இடையில் ஸ்கேன் யுகமே வந்துவிட்டது, சதவீதம் இறங்கவில்லை. பிறகு உலகெங்கும் இந்தப் பரிசோதனைகள் குறைந்தன. நம்மிடமோ 'போஸ்ட்மார்ட்டம்' என்றாலே போலீஸ் கேஸ் என்றுதான் பொருள். காரணம் அறிவதற்காகச் செய்யலாமா என்று கேட்கும் துணிவு மருத்துவருக்கு இல்லை. கேட்டால் தாங்கும் நிலையில் குடும்பமும் இல்லை.

தவறும் அலட்சியமும்

சட்டம் இவ்விரண்டையும் பிரித்தே பார்க்கிறது. 1995இல் உச்ச நீதிமன்றம், கட்டணம் பெறும் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. 2005இல் ஜேக்கப் மாத்யூ என்ற மருத்துவரின் வழக்கில், கணிப்பில் ஏற்பட்ட பிழை மட்டுமே அலட்சியத்துக்குச் சான்று ஆகாது என்றும், குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்றும் சொன்னது. சராசரித் திறனுள்ள ஒரு மருத்துவர் அந்தச் சூழ்நிலையில் செய்யக்கூடியதைச் செய்தாரா என்பதே அளவுகோல். முடிவு சரியா தவறா என்பது தனிக் கேள்வி.

நம் வேலூர்ப் பெண்ணுக்கு முதல் நாளில் டெங்கு என்று நினைத்தது அலட்சியம் ஆகாது. ஏழாம் நாளும் காய்ச்சல் விடாமல் மூச்சு வாங்கும்போது, வேறென்ன என்று கேட்காமல் அதே டிரிப்ஸைத் தொடர்ந்தால் அந்தக் கோடு நெருங்கிவிடுகிறது. இந்தக் கோட்டைப் பொதுவெளியில் யாரும் பார்ப்பதில்லை என்பதால், மருத்துவமனைக்கு வெளியே கல்லும் உள்ளே மௌனமும்தான் மிஞ்சுகின்றன. தவறைப் பேசினால் தாக்குதலோ வழக்கோ வரும் என்ற பயத்தில் அது மறைக்கப்படுகிறது. மறைக்கப்பட்ட தவறிலிருந்து அடுத்த அறையில் இருப்பவர்கூடக் கற்க முடியாது. அதே பயம்தான் தேவையில்லாத பரிசோதனைகளையும் எழுத வைக்கிறது. அதிலிருந்து வரும் தவறான பாசிட்டிவ்கள் எத்தனை என்று மேலே பார்த்தோம்.

எது பலன் தருகிறது, எது தரவில்லை

மேலே பார்த்தவை போன்ற மனச்சாய்வுகளின் பட்டியலை மாணவர்களுக்கு மனப்பாடம் செய்விப்பது பெரிதாக உதவவில்லை. கனடாவில் 2014இல் வெளியான சோதனையில், அப்படிப் பயிற்சி பெற்றவர்களும் மற்றவர்களைப் போலவே தவறினார்கள். மமேடே குழுவின் சோதனையில் பலன் தந்தது வேறு: முடிவு செய்தபின் நின்று, அதற்குப் பொருந்தும் அறிகுறிகள் எவை, பொருந்தாதவை எவை, இருக்க வேண்டியும் இல்லாதவை எவை என்று எழுதிப் பார்ப்பது. ஏமாந்த இரண்டாம் ஆண்டினர் இப்படிச் செய்தபோது இழந்த மதிப்பெண்களில் பெரும்பகுதியை மீட்டார்கள். எல்லா நோயாளிக்கும் இதற்கு நேரம் கிடையாது. எதிர்பார்த்தபடி குணமாகாதவருக்கும், இரண்டாம் முறை திரும்பி வந்தவருக்கும் செய்தாலே போதும்.

நோயாளி செய்யக்கூடியவை சில இருக்கின்றன.

1. நோயின் பெயரைச் சொல்லாமல் நாள் வரிசையைச் சொல்வது. "டைஃபாய்டு மாதிரி" என்பதைவிட "ஞாயிறு மாலை குளிர், செவ்வாய் தலைவலி, புதன் முதல் வாந்தி" என்பது பல மடங்கு பயன்தரும். வேலை, பயணம், வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல், மருந்துக்கடையில் வாங்கிப் போட்ட மாத்திரை, நாட்டு மருந்து ஆகியவையும் அந்த வரிசையில் வர வேண்டும்.
2. கிளம்பும் முன் இரண்டு கேள்விகள்: "இது வேறு ஏதாவதாக இருக்க வாய்ப்பு உண்டா?", "எத்தனை நாளில் குறைய வேண்டும், என்ன நடந்தால் உடனே வர வேண்டும்?" நல்ல மருத்துவர் இவற்றுக்குக் கோபப்படமாட்டார். "இப்போதைக்கு இப்படி நினைக்கிறேன், இரண்டு நாளில் இறங்காவிட்டால் வாருங்கள்" என்று தாமே சொல்பவரைத் திறமை குறைந்தவர் என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறு.
3. வேறோர் இடத்தில் வேறு நோய் என்று தெரிந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு நகலை முதலில் பார்த்த மருத்துவரிடம் கொடுப்பது. சண்டைக்குப் போக வேண்டியதில்லை. கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டு வந்தாலும் போதும். அந்தத் தாள் வேறு எந்த வழியிலும் அவர் மேஜைக்கு வராது.